கையெழுத்து போட்டவர் யார் பக்கம்? அமெரிக்க உள்நாட்டுப் போரின் விசுவாசப் பிரமாணங்களை எப்படி வாசிப்பது

1865 அக்டோபர் 2ஆம் தேதி, வர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் ராபர்ட் ஈ. லீ ஒரு தாளில் கையெழுத்திட்டார். அந்த ஏப்ரலில்தான் அவர், நாட்டிலிருந்து பிரிந்து வடக்கை எதிர்த்துப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் தளபதியாக, தன் பெரும்படையோடு சரணடைந்திருந்தார். இப்போது அதே ஊரிலிருந்த வாஷிங்டன் கல்லூரிக்குத் தலைவராகிறார். கையெழுத்தும் பொறுப்பேற்பும் ஒரே நாளில் நடந்தன. இனிமேல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தைக் காப்பேன், அடிமைகளின் விடுதலை பற்றிப் போர்க்காலத்தில் வந்த சட்டங்களையும் பிரகடனங்களையும் ஏற்று நடப்பேன் என்பதுதான் அந்தத் தாளில் இருந்த சத்தியம்.

கிளர்ச்சிக்கு மன்னிப்புப் பெறுவதற்கான அந்தத் தாள் தலைநகர் வாஷிங்டனுக்குப் போனது. அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. தனிப்பட்ட மன்னிப்பு எதுவும் கைக்கு வராமலே 1870இல் லீ இறந்தார். அவர் அந்தச் சத்தியத்தை எடுக்கவே இல்லை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1970இல், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டு ஒன்றிலிருந்து அந்தத் தாள் வெளியே வந்தது. 1975இல் நாடாளுமன்றம் அவருடைய குடியுரிமையைத் திருப்பித் தந்தது.

ஒரு தாள் கிடைத்ததால் ஒரு மனிதரின் சட்ட வரலாறே மாறியது. ஆனால் அவர் மனம் மாறினாரா என்று கேட்டால், அதற்கு அந்தத் தாளில் பதில் கிடையாது. விசுவாசப் பிரமாண ஆவணங்களை எடுத்து வாசிக்கும் எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். இந்தப் பதிவேடுகள் பலவும் இப்போது இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. முன்னோர் பெயரை அதில் பார்த்தவுடன் “எங்கள் தாத்தாவின் தாத்தா வடக்கின் பக்கம்தான் நின்றிருக்கிறார்” என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. ஏன் தவறு என்பதையும், சரியாகப் படித்தால் அதே தாளிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதையும் பார்ப்போம்.

முதலில் இரண்டு அடிப்படைகள்

விசுவாசப் பிரமாணம் என்பது, அரசுக்கு உண்மையாக இருப்பேன் என்று ஒருவர் சொல்லி, அதைச் சாட்சியோடு பதிவு செய்வது. நம் ஊர்ப் பதவியேற்பு விழாக்களில் சிலர் கடவுளை முன்னிறுத்தியும் சிலர் ‘உளமார’ என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமெரிக்கப் படிவங்களிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. சத்தியம் செய்வதையே பாவமாகக் கருதிய குவேக்கர் போன்ற கிறித்தவப் பிரிவினருக்காக, ‘சத்தியம் செய்கிறேன்’ என்பதோடு ‘உறுதி கூறுகிறேன்’ என்பதையும் சேர்த்தே அச்சிட்டார்கள். எந்தச் சொல் அடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் சில சமயம் ஒருவரின் மதப் பிரிவுக்கே துப்பு கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது வினைச்சொல்லின் காலம். ‘இனிமேல் விசுவாசமாக இருப்பேன்’ என்பது ஒரு வகை. ‘இதுவரை ஒருநாளும் எதிராக ஆயுதம் எடுத்ததில்லை’ என்பது வேறு வகை. முதல் வகையில் நேற்றுவரை எதிரியாக இருந்தவரும் கையெழுத்திடலாம். இரண்டாவதில் பொய் சொல்லாமல் அவரால் கையெழுத்திட முடியாது. ஆவணத்தைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது பெயரை அல்ல, இந்த வினைச்சொல்லைத்தான்.

ஒரே போர், ஐந்து சத்தியங்கள்

உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கி 1865இல் முடிந்தது. அந்த நான்கு ஆண்டுகளிலும், போரில் தோற்ற மாநிலங்களை மீண்டும் நாட்டோடு சேர்த்த மறுசீரமைப்புக் காலத்திலும் சத்தியத்தின் வாசகம் மாறிக்கொண்டே இருந்தது. முக்கியமானவை இவை:

1. 1861 ஆகஸ்ட்: வாஷிங்டன் அரசின் ஊழியர்கள் எல்லோரும் எடுக்க வேண்டிய சத்தியம். அலுவலகங்களுக்குள்ளேயே தென் மாநில ஆதரவாளர்கள் இருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் வந்தது.

2. 1862 ஜூலை 2: ‘இரும்புச் சத்தியம்’ என்று பேர் வாங்கிய சோதனைச் சத்தியம். இது கடந்த காலத்தைக் கேட்டது. விரும்பி ஆயுதம் எடுத்ததில்லை, எதிரிக்கு உதவியதில்லை, அவர்கள் தந்த பதவியை ஏற்றதில்லை என்று சொல்ல வேண்டும்.

3. 1863 டிசம்பர் 8: லிங்கன் அறிவித்த மன்னிப்போடு வந்த சத்தியம். இது முழுக்க எதிர்காலம். 1860 தேர்தலில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒரு பங்கினர் இதை எடுத்தாலே அந்த மாநிலம் புதிய அரசை அமைத்துக்கொள்ளலாம் என்றார் லிங்கன். அடிமை விடுதலையை ஏற்பது வாசகத்திலேயே இருந்தது.

4. 1865 மே 29: லிங்கன் கொலையுண்ட பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சனின் மன்னிப்பு. சாதாரண ஆட்கள் சத்தியம் எடுத்தால் போதும். ஆனால் 14 வகையினருக்கு அது போதாது. அவர்கள் ஜனாதிபதிக்குத் தனியாக மனு எழுத வேண்டும். உயர் அதிகாரிகளோடு, கிளர்ச்சிக்குத் துணைபோன, 20,000 டாலருக்கு மேல் வரிவிதிக்கத்தக்க சொத்து வைத்திருந்த பணக்காரர்களும் இந்த வகைகளில் அடக்கம். லீயும் இந்த 14 வகைக்குள் வந்தவர்தான்.

5. 1867 மார்ச் 23: தென் மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்வதற்கான சத்தியம். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். சத்தியத்தின் வாசகம், அதைக் கேட்கிறவரின் பயத்தைக் காட்டுகிறது. 1861இல் பயம் உள்ளே இருக்கும் துரோகி. 1863இல் அடிமை விடுதலையைத் தோற்றவர்கள் திரும்பப் பறித்துவிடுவார்களோ என்பது. 1867இல் பழைய ஆளும் கூட்டம் மறுபடி ஆட்சிக்கு வந்துவிடுமோ என்பது. இந்தக் கணக்கு தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1963இல் வந்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம், தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்றது. திராவிட நாடு கோரிக்கை அன்றைக்கு டெல்லியை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதும் அந்தச் சூழலில்தான்.

கையெழுத்திடக் காரணம் மனமாற்றம் மட்டுமல்ல

ரிச்மண்ட் நகரம் கூட்டமைப்பின் தலைநகர். 1865 ஏப்ரலில் அது வடக்கின் கையில் விழுந்தது. அந்த மாத இறுதியில் அங்கே பொறுப்பிலிருந்த ஜெனரல் ஹாலெக் ஓர் உத்தரவு போட்டார்: விசுவாசப் பிரமாணம் எடுக்காத ஜோடிக்குக் கல்யாண உரிமச் சீட்டு தரக்கூடாது. அந்த வசந்த காலத்தில் ரிச்மண்டில் ஒரு பெண்ணின் பிரமாணப் பத்திரம் கிடைத்தால், அதை அரசியலாகப் படிப்பதற்கு முன் திருமணப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

போர்க்கைதிகளின் கதை இன்னும் உருக்கமானது. சண்டை முடிந்தும் ஆயிரக்கணக்கான தென் மாநிலச் சிப்பாய்கள் மேரிலாந்தின் பாயிண்ட் லுக்அவுட் போன்ற முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். சத்தியம் எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். 1865 ஜூனில் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். பசியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த இருபது வயதுப் பையன் ஊருக்குப் போக ஒரு தாளில் கையெழுத்து வைத்தான் என்பதை, அவன் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டான் என்று எழுதுவது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

அதே நேரம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1864இல் சத்தியம் எடுத்தவர்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அவர்களில் சுமார் 6,000 பேர் வடக்கின் சீருடையையே போட்டுக்கொண்டு, மேற்கு எல்லைப் பகுதிக்குக் காவலுக்குப் போனார்கள். தங்கள் பழைய தோழர்களோடு மோத வேண்டியிருக்காது என்பதால்தான் அவர்களை மேற்கே அனுப்பினார்கள். ஆக, தேதி ஓராண்டு முன்பின் ஆனாலே ஒரே கையெழுத்தின் பொருள் முழுசாக மாறிவிடுகிறது.

இவை தவிர வக்கீல் தொழில் நடத்த, கடை திறக்க, பயணச் சீட்டு வாங்க, பறிமுதலான நிலத்தைத் திரும்பக் கேட்க என்று காரணங்கள் பல. ஒரே ஆள் இரண்டு மூன்று முறை எடுத்திருப்பதும் சகஜம்.

குடும்ப வரலாற்றுக்கு என்ன கிடைக்கும்

புகைப்படம் அரிதாக இருந்த காலம் அது. யார் சத்தியம் எடுத்தார் என்று அடையாளம் வைக்க, எழுத்தர்கள் உடல் அங்க அடையாளங்களை எழுதினார்கள். விடுதலையான கைதியின் படிவத்தில் வசிக்கும் ஊர், உடல் நிறம், தலைமுடி நிறம், கண் நிறம், அடி அங்குலத்தில் உயரம் ஆகியவை வரிசையாக இருக்கும். பல குடும்பங்களுக்கு அந்த மூதாதையரின் முகத்தைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே விவரம் இதுதான்.

ஜான்சனுக்கு எழுதிய மன்னிப்பு மனுக்கள் வேறொரு புதையல். தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை 73 மைக்ரோஃபிலிம் சுருள்களில் படமெடுத்து வைத்திருக்கிறது. மனுதாரர் தன் வயது, தொழில், சொத்து, குடும்பப் பொறுப்பு எல்லாவற்றையும் சொல்லுவார். சொத்துள்ள விதவைகளும் மனு எழுதியிருக்கிறார்கள். ஆனால் இவை மன்னிப்புக் கேட்டு எழுதியவை என்பதை மறக்கக்கூடாது. ‘நான் பிரிவினையை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தேன், ஊரோடு ஒத்துப் போக வேண்டியதாயிற்று’ என்கிற வாதத்தை அப்படியே நம்பிவிட முடியாது. 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயருக்கு எதிரே எவ்வளவு சொத்து எழுதியிருக்கிறது, 1861இல் அவர் எந்தப் பதவியில் இருந்தார் என்று ஒப்பிட்டால் உண்மை ஓரளவு தெளியும். அந்தக் கணக்கெடுப்பின் ‘அசையும் சொத்து’ என்ற கட்டத்தில் மனிதர்களின் விலையும் சேர்ந்திருந்தது.

சத்தியத்தைச் சத்தியமாகவே நம்பாமல் தோண்டித் துருவிய இடமும் ஒன்று உண்டு. 1871இல் அமைந்த தென் மாநில இழப்பீட்டு ஆணையம் அது. வடக்குப் படை எடுத்துக்கொண்ட குதிரை, சோளம், வேலிக்கட்டைகளுக்கு நஷ்டஈடு வேண்டுமானால், போர் முழுக்க ஒன்றிய அரசுக்கு விசுவாசமாக இருந்ததை நிரூபிக்க வேண்டும். 22,298 கோரிக்கைகள் வந்தன. கேள்விப் பட்டியல் நீளமானது. மகன் எந்தப் படையில் இருந்தான், முதல் சண்டையில் தெற்கு ஜெயித்தபோது என்ன நினைத்தாய் என்பதுவரை போகும். அக்கம்பக்கத்தாரும், அந்த வீட்டிலேயே அடிமையாக இருந்தவர்களும் சாட்சி சொன்னார்கள். பணம் கிடைத்தது சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். ஒரு கிராமத்தின் போர்க்கால வாழ்க்கையை அறிய இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கஷ்டம். வெறும் சத்தியத் தாளையும் இந்த விசாரணைக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதலாவது எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பது தெரியும்.

அரசியல் வரலாற்றில் இவற்றின் இடம்

கடந்த காலத்தைக் கேட்கும் சத்தியம் ஒரு தண்டனைதானே என்ற கேள்வி சீக்கிரமே நீதிமன்றத்துக்குப் போனது. மிசௌரி மாநிலம் 1865இல் தன் புதிய அரசியல் சட்டத்தில் மதகுருக்களுக்கும் சோதனைச் சத்தியத்தைக் கட்டாயமாக்கியது. ஜான் கம்மிங்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அதை எடுக்காமலே பிரசங்கம் செய்தார், தண்டிக்கப்பட்டார். ஆர்கன்சாவின் வக்கீல் அகஸ்டஸ் கார்லண்ட், ஜனாதிபதியின் மன்னிப்பு கையிலிருந்தும் இரும்புச் சத்தியத்தால் உச்ச நீதிமன்றத்தில் வாதாட முடியாமல் நின்றார். 1867இல் இரண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சத்தியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விசாரணையே இல்லாமல், செய்தபோது குற்றமாக இல்லாததற்குப் பின்னால் வந்த சட்டம் தண்டிக்கிறது என்பது அடிப்படை வாதம்.

14ஆவது திருத்தத்தின் மூன்றாம் பிரிவும் இந்தக் காலத்தின் பிள்ளைதான். அரசியல் சட்டத்தைக் காப்பதாக முன்பே பதவிச் சத்தியம் எடுத்துவிட்டு, பிறகு கிளர்ச்சியில் இறங்கியவர் மறுபடி பதவி வகிக்கக்கூடாது என்கிறது அது. 2024இல் டிரம்ப்பை வாக்குச்சீட்டிலிருந்து நீக்க கொலராடோ மாநிலம் எடுத்த முடிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது உலகமே விவாதித்தது இந்தப் பிரிவைத்தான். அன்றைய விவாதத்தில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு: இந்தப் பிரிவு எல்லாக் கிளர்ச்சியாளர்களையும் குறிவைக்கவில்லை. சத்தியம் எடுத்து, அதை மீறியவர்களை மட்டுமே குறிவைத்தது. அதனால் 1861க்கு முந்தைய பதவிச் சத்தியப் பதிவேடுகளுக்கும் திடீரென்று மதிப்பு வந்தது.

1867: பெயர் எழுதப்பட்ட நாள்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்ப வரலாற்றாய்வாளர்கள் ‘1870 சுவர்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ‘வயது 34, ஆண், கறுப்பு’ என்று வெறும் கோடுகள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் என்ற ஒன்றை அரசுக் கணக்கெடுப்பு முதன்முதலாகத் தந்தது 1870இல்தான். அதற்குப் பின்னால் போக முயன்றால் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும்.

அந்தச் சுவரில் ஒரு விரிசல்தான் 1867 சத்தியப் புத்தகங்கள்.

மறுசீரமைப்புச் சட்டங்கள் பத்து தென் மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தன. 21 வயதான ஆண்கள், எந்த நிறத்தவரானாலும், புதிய மாநில அரசியல் சட்ட மாநாடுகளுக்கு வாக்களிக்கலாம். அதற்குப் பதிவுக் குழுவின் முன் போய்ச் சத்தியம் எடுக்க வேண்டும். குழு உறுப்பினர்கள் இரும்புச் சத்தியம் எடுத்தவர்களாக இருக்க வேண்டும். உள்ளூர் வெள்ளையரில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பதே கடினம். எனவே வடக்கிலிருந்து வந்தவர்களும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அந்த மேசைகளில் உட்கார்ந்தார்கள். ஜார்ஜியா உள்ள மாவட்டத்தில் மூவர் குழுவில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்றே அங்கே ராணுவப் பொறுப்பிலிருந்த ஜெனரல் போப் உத்தரவிட்டார்.

அந்த மேசைக்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பதிவு செய்ய வந்தவர் சொல்ல வேண்டிய வாசகத்தில் ஒரு பகுதி இது: நான் எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து, எந்த நிர்வாகப் பதவியோ நீதித்துறைப் பதவியோ வகித்து, அதன் பிறகு கிளர்ச்சியில் ஈடுபட்டவன் அல்ல. பழைய ஆளும் வர்க்கத்தை வடிகட்ட எழுதிய வரி. இரண்டு ஆண்டுக்கு முன்புவரை சந்தையில் விலை வைக்கப்பட்டிருந்த மனிதரும் இதே வரியைத்தான் சொன்னார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதையே பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. ஆகையால் எழுத்தர் பெயரை எழுதுவார். முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் இவர் பேனாவை வாங்கிப் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல் போடுவார். மேலும் கீழும் ‘அவரது அடையாளம்’ என்று எழுத்தர் எழுதுவார். நம் ஊர்க் கைநாட்டு மாதிரிதான். ஆனால் சட்டப்படி அவர் தன் பேரில் செய்த முதல் காரியமாக அந்தக் கீறல் இருந்திருக்கலாம்.

அப்படிப் பதிவானவர்கள் சுமார் 7 லட்சம் கறுப்பின ஆண்கள். அலபாமா, புளோரிடா, லூசியானா, மிசிசிப்பி, தென் கரோலினா ஆகிய ஐந்து மாநிலங்களில் வெள்ளை வாக்காளர்களைவிட அவர்களே அதிகம். இந்த வாக்குகளால் ஜார்ஜியாவில் கறுப்பின உறுப்பினர்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1868 செப்டம்பரில் அந்தச் சட்டமன்றமே நிறத்தைக் காரணம் காட்டி 33 பேரை வெளியேற்றியது. அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஊர் ஊராக, பெயர் பெயராக அறிய இன்றைக்கும் கையிலிருப்பது இந்தச் சத்தியப் புத்தகங்கள்தான். ஆய்வாளர்கள் இவற்றை வெறும் ‘வாக்காளர் பட்டியல்’ என்று கடந்துபோவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இந்தப் பக்கங்களைத் தேடுவோருக்கு

1. மாநிலத்துக்கு மாநிலம் கட்டங்கள் வேறு. டெக்சாஸ் பட்டியலில் மாநிலத்திலும் மாவட்டத்திலும் எத்தனை ஆண்டாக வசிக்கிறார், எங்கே பிறந்தவர் என்ற விவரங்கள் உண்டு. வர்ஜீனியாவில் பிறந்து டெக்சாஸில் 12 ஆண்டு என்றிருந்தால், 1855 வாக்கில் யாரோ அவரை அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அந்த ‘யாரோ’வைத் தேடுவதுதான் அடுத்த வேலை.

2. ஜார்ஜியாவில் சத்தியப் புத்தகம் வேறு, தகுதியான வாக்காளர் பட்டியல் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆளின் பெயர் இரண்டிலும் இரண்டு விதமாக இருக்கக்கூடும். உரக்க வாசித்துப் பார்த்தால் பல பெயர்கள் பிடிபடும்.

3. குடும்பப் பெயர் கடைசி உடைமையாளரின் பெயராகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். முந்தைய உடைமையாளரின் பெயரையோ, தகப்பனின் பெயரையோ, தாங்களே விரும்பிய பெயரையோ பலர் எடுத்துக்கொண்டார்கள்.

4. பக்கத்துப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பண்ணையிலிருந்து சேர்ந்து நடந்து வந்தவர்கள் அடுத்தடுத்து வரிசையில் நின்றிருப்பார்கள். அண்ணன் தம்பிகளும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

5. பெண்கள் இந்தப் புத்தகங்களில் இல்லை. அவர்களை விடுதலை பெற்றோர் நலத்துறையின் கோப்புகளிலும், 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் வங்கியின் பதிவேடுகளிலும் தேட வேண்டும். வங்கியில் கணக்குத் தொடங்கும்போது கணவன், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் என்று பெயர் கேட்டு எழுதினார்கள். எங்கேயோ விற்கப்பட்டுப் போன சகோதரியின் பெயரும் சில பக்கங்களில் இருக்கிறது.